உன் தம்பிக்காக நீ கேட்ட கதை

அன்பு மகளே,

"வேணும்னேதான செஞ்சீங்க?" என்று ஒரே வரியில் கேட்டு அனுப்பியிருந்தாய். ஒரே வரியில் பதில் எழுதவும் என்னால் முடியும். ஆனால் வாழ்நாளில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் கழித்தவள் நான். உதாரணம் இல்லாமல் ஒரு பதிலும் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். உன் தம்பிக்கு நான் எழுதுவது போலத் தங்கள் பிள்ளைகளுக்கும் கதை எழுதக் கற்றுக்கொள்ளச் சனிக்கிழமைதோறும் நம் வீட்டுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர்களுக்கும் இதன் நகலைக் கொடுக்கப்போகிறேன். ஞாயிறு ஆராதனையில் நம் கோயிலில் நடந்ததைக் கேள்விப்பட்டு, "டீச்சர், கதை எழுதிக் குடுத்தா எங்க புள்ளையும் நாளைக்கு நாலு பேர் முன்னால இப்படி எந்திரிச்சு நின்னுருமோ?" என்று அவர்கள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான். அவர்களுக்காக, உனக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் எழுதியிருப்பேன், பொறுத்துக்கொள். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. உன் தம்பி செல்வின் பெயரை மறைக்கவில்லை. அவனைப் பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் தெரியும், அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதல் கதை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அப்போது செல்வினுக்கு எட்டு வயது, உனக்குப் பதினொன்று. டவுணில் உனக்குப் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார்; பஸ்ஸில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முன்சீட்டுப் பெண் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். இவன் எழுந்து அந்தப் பூவில் முகத்தைப் புதைத்துவிட்டான். அவள் அலறினாள். அவள் கணவன் திரும்பி இவனைக் கன்னத்தில் அறைந்தான். இவன் அழவில்லை. பூ இன்னும் அங்கேயே இருந்ததால் மறுபடியும் குனிந்தான். மறுபடியும் அறை விழுந்தது. "இதையெல்லாம் எதுக்கும்மா பஸ்ல கூட்டிட்டு வாரிய? வீட்ல கட்டிப் போட வேண்டியதான?" என்றார் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர். நடத்துநர் விசில் அடித்து ஆற்றுப் பாலத்தின் மேலேயே எங்களை இறக்கிவிட்டார். நானும் அவனும் இறங்கினோம். நீ இறங்கவில்லை. இரண்டு சீட் தள்ளிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை போல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு நான் அடுத்த நிறுத்தத்துக்கு வந்தபோது நீ நிழலில் நின்றிருந்தாய். "சீட் கெடச்சுதும்மா, அதான்" என்றாய். பதினொரு வயதில் அப்படித்தான் தோன்றும். இருபத்தொன்பது வயதில் என்ன தோன்ற வேண்டும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவனைத் திட்டவில்லை. திட்டினால் அவனுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும், காரணம் கேட்காது. ஓர் அரைத்தாள் எடுத்து எழுதினேன். "நான் டவுண் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸில் நிறையப் பேர் இருப்பார்கள். சிலர் தலையில் பூ வைத்திருப்பார்கள். பூ வாசமாக இருக்கும். அது அவர்களுடைய பூ. தெரியாத ஒருவர் தொட்டால் அவர்கள் பயந்துவிடுவார்கள். எனக்குப் பூ வாசம் வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வேன். அம்மா எனக்கு ஒரு பூ தருவார்கள். நான் அதைப் பையில் வைத்துக்கொள்வேன். பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அதை மோந்து பார்க்கலாம்." அவ்வளவுதான். தினமும் காலையில் பல் தேய்த்ததும் இருவரும் சேர்ந்து அதைப் படித்தோம். பல மாதங்கள் அவன் சட்டைப் பையில் பிச்சிப்பூ இருந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்கும் கேலி செய்தார்கள். ஆனால் பஸ்ஸில் அடி விழவில்லை. இன்று டவுண் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலைக்கு அவன் தனியாகத்தான் அதே பஸ்ஸில் போய் வருகிறான்.

கதை எழுத வருகிற பெற்றோர்களுக்கு நான் சொல்வதெல்லாம் கொஞ்சம்தான். கதையை "நான்" என்று எழுதுங்கள், பிள்ளையின் வாயால் எழுதுங்கள். என்ன நடக்கும், மற்றவர்களுக்கு அப்போது எப்படி இருக்கும், நான் என்ன செய்யலாம் என்பதை எழுதுங்கள். செய்யாதே, தொடாதே, ஓடாதே என்று எழுதாதீர்கள். அதை ஊரே அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிறகு, ஒரு பொய் வாக்கியம்கூட வேண்டாம். இதை நான் உன் அப்பாவால் கற்றேன். ஊசி போடப் போகும் கதையில் அவர் பிரியத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்துவிட்டார்: "ஊசி வலிக்காது." வலித்தது. செல்வின் வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து அப்பா சாப்பிடும் தட்டில் போட்டான். அதிலிருந்து எந்தக் கதையைக் கொடுத்தாலும் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல், "நெசமா?" என்று கேட்பான். நான் "நெசம்" என்று சொன்னபிறகுதான் அடுத்த வரிக்குப் போவான். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த எந்தப் பெரிய மனிதரையும் இப்படி வரிவரியாக நிறுத்திக் கேட்டால் பாதிக் கதைக்கு மேல் போக முடியாது.

இன்னொன்று, கதைக்கு முடிவு எழுத வேண்டும். இதை உன்னால் கற்றேன். உனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது உன் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு அன்று பள்ளிக்கூடத்தில் வேலை. நீ என் கையெழுத்தைப் போலவே எழுதுவாய். ஓர் அரைத்தாளில் அழகாக எழுதி அவனிடம் கொடுத்திருந்தாய். "அக்காவின் சிநேகிதிகள் வருகிறார்கள். அவர்களுக்குப் புது ஆட்களைக் கண்டால் கூச்சம். நான் குளியலறையில் உட்கார்ந்து நூறுவரை எண்ணுவேன். பிறகு மறுபடியும் எண்ணுவேன்." நல்ல கதைதான். என்னைவிட நன்றாகவே எழுதியிருந்தாய். எப்போது வெளியே வர வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. உன் சிநேகிதிகள் முறுக்கு தின்று, சிரித்து, போய்விட்டார்கள். அவர்களை வழியனுப்ப நீயும் தெருமுனைவரை போனாய். நான் வந்து குளியலறைக் கதவைத் திறந்தபோது ஈரத் தரையில் உட்கார்ந்து அவன் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. குளியலறைக்குள்ளேயே இருந்தும் எண்ணுவதை நிறுத்தக் கூடாதென்று ஒண்ணுக்குப் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான். நீ பின்னால் வந்து நின்று, "மறந்துட்டேம்மா" என்றாய். மறந்தது நிஜம்தான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நீ அவனிடம் பிரியமில்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூட வாசலில் அவனைப் போலக் கையை ஆட்டிக் காட்டிய பையனின் சோற்று வாளியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தவள் நீ. "என் தம்பியச் சொன்னா அடுத்து உன்னயத் தூக்கிப் போடுவேம்லே" என்றாயாம். அவன் அம்மா வந்து சொன்னபோது நான் உள்ளே போய்ச் சிரித்தேன். ஆள் பார்க்காத இடத்தில் உனக்கு அவனைப் பிடிக்கும். அவனை அடிப்பவர்களின் முன்னாலும் பிடிக்கும். உன்னை மதிக்க வேண்டும் என்று நீ நினைக்கிறவர்களின் முன்னால்தான் முடிவதில்லை.

உன் கல்யாணம் நிச்சயமானபோது, அப்பா இல்லாத வீட்டில் உன்னைக் கோயிலுக்குள் கை பிடித்து அழைத்துப்போவது தம்பிதான் என்று நாம் இருவரும் சேர்ந்து பேசியதுதான். நீ போனில், "அவன் ஓடிருவானேம்மா" என்று சிரித்தாய். அதனால் ஒரு கதை எழுதினேன். "நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஆர்கன் சத்தம் பெரிதாக இருக்கும். நான் அக்காவின் நடைக்கு நடப்பேன்." வார நாட்களில் அவன் வேலை முடிந்து வந்ததும் கோயிலுக்குப் போவோம். கோயிலைத் திறந்து பூட்டுகிற அருமைநாயகம் அண்ணாச்சி எங்களுக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். நான்தான் மணப்பெண். "டீச்சருக்கு ரெண்டாங் கல்யாணம் ஜோராத்தான் நடக்கு" என்பார் அண்ணாச்சி. செல்வின் என்னை இழுத்துக்கொண்டு ஓடினால், "ஏலே, பைய நடலே. பொண்ணக் கூட்டிட்டுப் போறியா, சந்தைக்கு ஆட்ட ஓட்டிட்டுப் போறியா?" என்று கத்துவார். பைய நடக்கக் கற்றுக்கொண்டான். பீடத்துக்கு முன்னால் கையை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கவும் கற்றுக்கொண்டான். பிறகு நீ, கல்யாணம் நம் கோயிலில் இல்லை, மதுரையில் மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் என்று சொன்னாய். அங்கே இடம் பெரிது என்றாய். சரி, ஒரு நாள் முன்னதாகப் போய் அந்தக் கோயிலிலும் நடந்து பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் உன் அந்த போன். பெற்றோர்கள் வாசிப்பதால் அதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, தம்பிக்கு ஒரு கதை எழுதுங்க. கல்யாணத்தன்னைக்கு அவன் வள்ளியூர்ல சித்தி வீட்ல இருக்கணும். நீங்க எழுதினா கேட்டுக்கிடுவான்" என்றாய். ஏன் என்றேன். "சத்தம் அவனுக்கு ஒத்துக்கிடாதும்மா." அசனப் பண்டிகையில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும்போது சாம்பார் வாளி தூக்குகிறவன் அவன் என்றேன். "பிரயாணம் கஷ்டம்லா." கடைக்காரர்களோடு மதுரைக்குப் போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றேன். "அம்மா, சொன்னாக் கேளுங்களேன்." கேட்கிறேன், ஆனால் நெசமான ஒரு காரணம் இல்லாமல் நான் கதை எழுத முடியாது, அவன் வரிவரியாகக் கேட்பான் என்றேன். பிறகு, "அவருக்குத் தெரியும்மா. அவங்க அம்மாவுக்குத்தான் நான் சொல்லல" என்றாய். "என்ன சொல்லல?" "தம்பி இப்படின்னு சொல்லல." "இப்படின்னு சொல்லலையா, தம்பின்னே சொல்லலையா?" என்று கேட்டேன். "வீட்டுக்கு ஒரே பொண்ணுன்னு சொல்லிட்டேம்மா" என்றாய். மதுரைக் கோயில் ஏன் பெரிதாகத் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "சரி, எழுதுதேன்" என்று போனை வைத்தேன். நீ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நீ கேட்டபடியே எழுதினேன். உன்னிடம் படித்துக் காட்டவில்லை, ஏனென்றால் அதில் ஒரு வரியைக்கூட நீ இருக்க விட்டிருக்க மாட்டாய். "என் அக்காவுக்குக் கல்யாணம். கல்யாணம் மதுரையில் ஒரு கோயிலில் நடக்கும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நான் இருக்கிறேன் என்று தெரியாது. வீட்டுக்கு ஒரே பெண் என்று அக்கா சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்தால் அவர்களுக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று அக்கா பயப்படுகிறாள். நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. கல்யாணத்தன்று நான் வள்ளியூரில் சித்தி வீட்டில் இருப்பேன். சித்தி முட்டைக் குழம்பு வைப்பார்கள். கல்யாணம் முடிந்து அம்மா இருட்டுவதற்குள் வள்ளியூருக்கு வந்துவிடுவார்கள். அம்மாவும் நானும் சேர்ந்து சாப்பிடுவோம்."

சனிக்கிழமை காலையில் அவனுக்குப் படித்துக் காட்டினேன். மதுரைக்கு "நெசமா?" என்றான். நெசம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு "நெசமா?" நெசம். ஒரே பெண் என்ற வரியில் அவன் விரல் நின்றது. "ஒரே பொண்ணுன்னா நான் எங்க இருக்கேன்?" என்றான். "இங்கதான் இருக்க. அக்கா அங்க அப்படிச் சொல்லிட்டா" என்றேன். "நெசமா?" "நெசம்." தப்பு ஒன்றும் செய்யவில்லை என்ற வரிக்கு இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் சொன்னேன். பிறகு எழுந்து போய், பீரோக் கதவில் ஒட்டியிருந்த பழைய கதையை, அதுதான் உன் கையைப் பிடித்து நடக்கும் கதையை, ஓரம் கிழியாமல் உரித்து எடுத்து வந்தான். "இது இனிமே நெசம் இல்ல. கிழிக்கட்டா?" என்று கேட்டான். கிழி என்றேன். அவன் கிழித்தபோது நான் அடுப்படிக்குப் போகவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நீ கேட்டது என்ன என்பதை வீட்டில் யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உன் ஓலை முதல் தடவையாக நம் கோயிலில் வாசிக்கப்பட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஆராதனையில் வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அது பதில் எதிர்பார்க்காத கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும், செல்வினைத் தவிர. சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்காக நான் அவனுக்கு எழுதிய கதையில், ஐயர் கேள்வி கேட்டால், எனக்குப் பதில் தெரிந்தால், எழுந்து நின்று சத்தமாக முழுப் பதிலும் சொல்வேன் என்று இருக்கிறது. பிரசங்கத்துக்கு நடுவில் ஐயர் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவன் எழுந்து பதில் சொல்லிச் சொல்லி, பாவம் அவர், கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டுவிட்டார். மற்றவர்களின் ஓலைக்கு அவன் ஒருநாளும் எழுந்ததில்லை. அவனுக்குப் பதில் தெரியாது.

அன்று தெரிந்திருந்தது. "தெரியும் ஐயா" என்று எழுந்தான். கோயிலே திரும்பிப் பார்த்தது. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து முட்டைக் குழம்புவரை, சேர்ந்து சாப்பிடுவதுவரை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். பாட்டுக்குழுவில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஐயர் முகம் சிவந்துபோய், "செல்வின், அது தடை இல்லப்பா. உக்காரு" என்றார்.

"அப்ப எதுய்யா தடை?"

"பொண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ ஏற்கெனவே கல்யாணம் ஆயிருந்தா தடை. வயசு பத்தலன்னா தடை."

"அக்காவுக்குக் கல்யாணம் ஆகல. வயசு இருபத்தொம்போது ஆயிட்டு." இப்போது நிறையப் பேர் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். அதற்கும் ஒரு கதை உண்டு. பிறகு, "பொய் சொல்லியிருந்தா தடை இல்லையா ஐயா?" என்று கேட்டான்.

ஐயர் ஓலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது தடை இல்லப்பா" என்றார்.

"சரிங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டான்.

வெளியே வந்ததும் மரத்தடியில் சபையார் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், வீட்டுப் பேச்ச வீட்டோட வச்சுக்கிடணும். இங்கன வந்தா கொட்டுவாங்க?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். "புள்ளைக்கு எழுதிக் குடுத்து ஒப்பிக்க வச்சிருக்காவ. அந்தப் பொண்ணு பாவம்லா" என்று ஒரு அம்மா மற்றவளிடம் என் காதில் விழும்படிச் சொன்னாள். செல்வின் பாவம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாதது நல்லதுதான், அவனுக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அருமைநாயகம் அண்ணாச்சி மட்டும் அவன் தோளைத் தட்டி, "ஏலே, கடைசி பெஞ்சுக்கே கேட்டுட்டுலே. மைக்குக்கு வேலையே இல்ல" என்றார். அவன் "தேங்ஸ் அண்ணாச்சி" என்றான். பாராட்டினால் நன்றி சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

கொரோனா காலத்திலிருந்து நம் கோயில் ஆராதனை போனில் நேரலையாகப் போகிறது. தன் மகன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்க உன் மாமியாராகப் போகிறவர் மதுரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் திங்கட்கிழமை அவர் போன் செய்தபோதுதான் தெரியும். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சரம்மா, நாங்க ஒண்ணும் மனசில்லாதவங்க இல்லைங்க. சொல்லியிருந்தா முன்னாடியே யோசிச்சிருப்போம். இப்ப ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சாச்சு" என்றார். பிறகு, "அந்தத் தம்பி வரட்டும். பின்னாடி ஒரு பெஞ்சுல கூட ஒரு ஆளப் போட்டு ஒக்கார வச்சுக்கங்க. மேடைக்கு மட்டும் வேணாம், போட்டோவுலயும் வேணாம். எங்க மகளுக்கும் வரன் பாத்துட்டிருக்கோம் பாருங்க" என்றார். உன்னிடமும் இதையே சொல்லியிருக்கிறார். நீ எனக்கு அனுப்பிய செய்தியில் முதலில் "வேணும்னேதான செஞ்சீங்க" என்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்த செய்தியில், அவர்கள் ஒத்துக்கொண்டார்கள், அவன் வரலாம், பின் பெஞ்சில் உட்காருவதற்கு ஒரு புதுக்கதை எழுதுங்கள் என்று இருந்தது. உன் எழுத்தில் அவ்வளவு சந்தோஷம். அவர்கள் உன்னை மன்னித்துவிட்ட சந்தோஷம்.

முதல் செய்திக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவனை எழுந்து நிற்கச் சொன்னது நான் இல்லை. ஐயர் தாளைப் பிரிக்கும்வரை அப்படி நடக்கும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. பிரித்ததும் தெரிந்துவிட்டது. அவன் என் பக்கத்தில்தான் இருந்தான். கையைப் பிடித்து அழுத்தியிருந்தால் எழுந்திருக்க மாட்டான். அதற்கு நேரமும் இருந்தது. நான் பிடிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகவே, ஆம். இனியொரு ஞாயிறு அப்படி வந்தாலும் அப்படியேதான் உட்கார்ந்திருப்பேன்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கதை எழுதினால் பிள்ளை எழுந்து நின்றுவிடுமோ என்று கேட்டீர்கள். நிற்கும். நீங்கள் எழுதியதை இந்த உலகத்தில் முழுதாக நம்புகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். யாருக்கும் கேட்கக் கூடாத விஷயம் வீட்டில் இருந்தால் கதையை மாற்றாதீர்கள், வீட்டை மாற்றுங்கள். மற்றபடி பயப்படாமல் எழுதுங்கள், சனிக்கிழமை வழக்கம்போல வாருங்கள்.

மகளே, செவ்வாய்க்கிழமை நீ போனில் அழுதுகொண்டே, "தம்பிட்ட குடுங்க" என்றாய். பின் பெஞ்சு வேண்டாம், முன்பு பேசியபடி நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னாய். அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் கடைசிவரை உன் பக்கம் நின்றிருப்பேன். நீ சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு, "வரல அக்கா. அங்கன ஒருத்தருக்கும் என்னத் தெரியாது. சித்திக்கு என்னத் தெரியும்" என்றான். "இப்ப எல்லாருக்கும் தெரியும்டா" என்றாய். "எனக்கு அவங்களத் தெரியாதே" என்றான். நீ விம்மிக்கொண்டே இருந்தாய். அவனுக்குக் கோபம் இல்லை, அதை மட்டும் நம்பு. அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை மடிக்கும்போது இருக்கிற முகம்தான். "வேற ஒண்ணும் இல்லன்னா வச்சிரட்டுமா அக்கா?" என்று கேட்டு, நீ சரியென்று சொல்லும்வரை காத்திருந்து, வைத்தான். போன் பேசும் கதையை அவனுக்கு எழுதிக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வேலைக்குப் போன முதல் வருடம், தம்பி பாதியில் போனை வைத்துவிடுகிறான், கஷ்டமாக இருக்கிறது என்று நீதான் எழுதச் சொன்னாய்.

அதன் பிறகு நீ என்னிடம், "நீங்க ஒரு கதை எழுதி அவன மாத்துங்கம்மா, உங்களால முடியும்" என்றாய். முடியும். நான் எழுதினால் ஒருவேளை வருவான். எழுத மாட்டேன். இருபத்தாறு வயதில் முதல்தடவையாக அவன் ஓர் இடத்துக்கு வரவில்லை என்று தானாகச் சொல்லியிருக்கிறான். அதை மாற்றச் சொல்லி ஒரு நெசமான வரி எனக்குக் கிடைக்கவில்லை.

நான் வருவேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவேன். கோயிலுக்குள் உன்னைக் கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன், பைய நடப்பேன், உன் மாமியார் சொல்லும் இடத்தில் போட்டோவுக்கும் நிற்பேன். யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இரண்டு என்று சொல்வேன், இளையவன் எங்கே என்று கேட்டால் அதையும் சொல்வேன். அதற்கு உன்னைத் தயார் செய்துகொள். தாலி கட்டி, கையெழுத்துப் போட்டு முடிந்ததும் மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பஸ் ஏறினால்தான் இருட்டுவதற்குள் வள்ளியூரில் இறங்க முடியும். சித்தி வீட்டில் குழம்பு ஆறிப்போனாலும் நான் வராமல் அவன் தட்டின் முன்னால் உட்கார மாட்டான். அதனால் பந்தியில் உன் பக்கத்து நாற்காலியை எனக்காக வைக்க வேண்டாம் என்று மண்டபத்தில் சொல்லிவிடு.

அம்மா